மொட்டை முள்

மே 11, ஞாயிறு

கொல்லையில் புளிப்பு ருபார்ப் தண்டு சிவந்துவிட்டது. இந்த வருடத்தின் முதல் கேக் சுட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆர்லன் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "பல்லு கூசுது, இன்னொண்ணு வை" என்றான்.

நேற்று நடந்ததை எழுதாமல் கேக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று நாங்கள் இருவரும் இந்த வருடம் முதல் தடவையாகப் படகை ஆற்றில் விட்டோம். எங்கள் படகில் முப்பத்தேழு வருடமாக ஒரே சட்டம். ஒருவர் முன்னால் நின்று தூண்டில் வீசலாம், மற்றவர் துடுப்பு வலிக்க வேண்டும். மீன் வலைக்குள் வந்துவிட்டால் இடம் மாறியாக வேண்டும். தப்பிய மீன், அறுத்துக்கொண்டு போன மீன், கண்ணில் மட்டும் பட்ட மீன் எதுவும் செல்லாது. கல்யாணமான புதிதில் நான்தான் நாள் முழுக்க வலிக்கிறேன், நீ சுகமாக மீன் பிடிக்கிறாய் என்று ஆற்று நடுவில் நான் போட்ட சண்டையில் பிறந்த சட்டம் இது.

நேற்று அவன் ஒரு பழுப்பு டிரவுட் மீனைப் பிடித்தான், முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டான், துடுப்புக்கு வந்தான். அடுத்த வளைவில் ஞானஸ்நானப் பாறை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர், எந்தச் சபைக்காரனாக இருந்தாலும் முழுக்காட்டித்தான் அனுப்பும் என்று. அங்கே ஆறு முழுவதும் வலது பக்கம் ஒடுங்கி நேராகப் பாறைமேல் பாய்கிறது. இடது பக்கமாக இரண்டு இழுப்பு பலமாக இழுத்தால் தப்பலாம். இரண்டாவது இழுப்பில் அவன் இடது கை தானாகத் திறந்துகொண்டது. துடுப்பு நழுவியது. படகு குறுக்கே திரும்பி, பக்கப் பலகையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. நேற்றுவரை மலைமேல் பனியாக இருந்த தண்ணீர். அதில் விழுந்தவனுக்கு எத்தனை நிமிடம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எப்படியோ பாறையை உரசிக்கொண்டு வெளியே வழுக்கி வந்தோம்.

அவன் சிரித்தான். "பாதி ஞானஸ்நானம் ஆச்சு. மீதி அடுத்த தடவை."

நான் சிரிக்கவில்லை. வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் டாக்டர் அவனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொன்னபோது, மெதுவாகத்தான் போகும், பழகின வேலை எதையும் விடாதீர்கள், கை ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் ஞானஸ்நானப் பாறையைப் பார்த்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பேசிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, பெரிய விஷயமில்லை என்பது போல.

"இந்த வருஷம் பாறைகிட்ட நான் வலிக்கிறேன் ஆர்லன்."

"ஏன்?"

"உன்னால முடியாது."

தட்டை வைத்துவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். போகும் முன் வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்: "நான் இன்னும் சாகல, மார்னா." முப்பது வருடம் இந்தக் கவுண்டியின் மலைப்பாதைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். முடியாது என்ற வார்த்தையை அவனிடம் யாரும் சொன்னதில்லை. நானும் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். எந்த விதமாக?

ஜூன் 20, வெள்ளி

இன்று மாலை ஓடையில் கொஞ்ச நேரம் நின்றோம். முள்ளில் இறகு சுற்றிய போலிப் பூச்சியின் காதில் தூண்டில் நரம்பைக் கோக்க முடியவில்லை அவனால். ஐந்தாறு தடவை முயன்றான். பிறகு என் பக்கம் நீட்டினான். கட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாளை எங்கள் கல்யாண நாள். கல்யாண நாளில் ஆற்றில் போகாத வருடம் ஒன்றே ஒன்று, எனக்குப் பித்தப்பையை எடுத்த வருடம்.

இன்று காலை முழுவதும் பூச்சி கட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடமாக ஊர்த் தூண்டில் கடைக்குக் கட்டிக் கொடுக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவேன். முள்ளின் மேல் முயல்மயிர், மஞ்சள் நூல், சேவல் இறகு இரண்டு சுற்று. டிரவுட் அதை நிஜப் பூச்சி என்று நம்பி மேலே வந்து கவ்வும். பன்னிரண்டு கட்டினேன்.

பிறகு குறடை எடுத்துப் பன்னிரண்டிலும் முள்ளின் முனையை நறுக்கிவிட்டேன்.

எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் வேறு வழி என்ன? மீன் மாட்டாவிட்டால் சட்டப்படி அவன் துடுப்புக்கு வர வேண்டியதில்லை. துடுப்பு என்னிடமே இருக்கும். அவனிடம் முடியாது என்று சொல்லவும் வேண்டாம், அவன் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். மீன் வரும், கவ்வும், துப்பிவிடும். அவனுக்கு அந்தச் சந்தோஷம் போதாதா? பூச்சியைக் கோத்துக் கொடுக்கப்போவது நான்தான். அவன் உற்றுப் பார்க்கமாட்டான்.

முனையில்லாத முள்ளோடு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், மீனுக்கு வலிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே வெட்டிக்கொள்வார்கள். அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள். அது வேறு. எனக்கே தெரிகிறது அது வேறு என்று.

ஜூலை 14, திங்கள்

காலை ஏழரைக்கு மேல்துறையில் படகை இறக்கினோம். ஜோலீன் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆற்றில் போகிறவர்களின் வண்டியைக் கீழ்த்துறைக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தி வைப்பதுதான் அவள் தொழில். வாய் சும்மா இருக்காது. "முப்பத்தேழு வருஷமா ஒரே ஆளோட ஒரே படகா? எனக்கு மூணு வருஷத்துலயே படகு கவுந்துபோச்சு" என்றாள். ஆர்லன் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல மனநிலையில் இருந்தான்.

நான்தான் முதலில் துடுப்பு. கல்யாண நாளில் முதல் மீன் உனக்கு என்றேன். தண்ணீர் தெளிந்து, கீழே ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கை விட்டால் விரல் மரத்துப்போகும் குளிர். ஓரத்து வில்லோப் புதர்களிலிருந்து மஞ்சள் பூச்சிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு நாள் வருடத்துக்கு இரண்டு மூன்றுதான் வாய்க்கும்.

துடுப்புப் போடுகிறவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்தான் தெரியும். அவன் வீசும்போது நடுக்கம் இல்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். கையில் தூண்டில் கோல் வந்துவிட்டால் அந்த இடது கை நரம்பைப் பிடித்துக்கொண்டு அடங்கி நிற்கிறது. புதருக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் பூச்சியை வைத்தான். மீன் எழுந்தது. கோலை உயர்த்தினான், கோல் ஒரு தரம் வளைந்தது. உடனே நிமிர்ந்தது.

"சே. அவசரப்பட்டுட்டேன்."

இரண்டாவது மீன். மூன்றாவது. நான்காவது மீனுக்குப் பிறகு திரும்பிப் பார்த்தான். "முள்ளு கல்லுல பட்டு மழுங்கிருச்சா பாரு கேப்டன்." நான் துடுப்பில் இருந்தால் அவனுக்குக் கேப்டன்.

பூச்சியைக் கையில் வாங்கினேன். பார்ப்பது போலப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் நம்பினான். சந்தேகம் தட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஞானஸ்நானப் பாறையை நானே வலித்துத் தாண்டினேன். இரண்டு இழுப்பு, சுத்தமாக. கீழே வந்ததும் நெஞ்சு லேசாகி, அழுகை வருவது போல இருந்தது. தப்பித்தோம், இனி கவலையில்லை. கரையில் ஒதுக்கி ஹாம் வைத்த ரொட்டியும் பீட்ரூட் ஊறுகாயும் தின்றோம். அவன் பாதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டான். பாறையைத் தாண்டியாகிவிட்டதே, இப்போது நல்ல பூச்சியைக் கட்டிக் கொடுக்கலாமே என்று நினைத்தேன். என் பெட்டியில் முனையுள்ளவை நாற்பது இருந்தன. கட்டவில்லை. மேலே தவறிய அவன் கீழே வந்து பிடித்தால் சந்தேகம் வந்துவிடுமே என்று பயம்.

மொத்தம் ஒன்பது மீன். ஒன்பதும் கவ்வி, ஒன்பதும் போயின. கடைசி இரண்டுக்கு அவன் சே என்றுகூடச் சொல்லவில்லை.

கீழ்த்துறையில் ஜோலீன் இன்னொருவர் வண்டியை விட வந்திருந்தாள். "எத்தனை?"

"ஒண்ணுமில்ல" என்றான்.

"விளையாடாத. இன்னிக்குக் குருடன்கூடப் பிடிச்சிருப்பானே!"

"அதான், குருடன் பிடிச்சிருப்பான்" என்று சிரித்தான். படகை வண்டியில் ஏற்றும்போது கயிற்றை என்னைக் கட்டச் சொன்னான்.

ஜூலை 16, புதன்

தினமும் காலை காப்பிக்குப் பிறகு புல்வெளியில் நின்று பத்து நிமிடம் கோலை வீசிப் பழகுவான், மழையிலும். நேற்றும் இன்றும் போகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

டாக்டர் சொன்ன கைப்பயிற்சியையும் விட்டுவிட்டான். ரப்பர் பந்தை நாய்க்குப் போட்டுவிட்டான். "செஞ்சு என்ன ஆகப்போகுது?"

ஜூலை 20, ஞாயிறு

ஜோலீன் போன் செய்தாள். "ஏம்மா, தூண்டில் கடை அறிவிப்புப் பலகையில ஆர்லன் படகு விக்கிறேன்னு அட்டை ஒட்டியிருக்கானே, உனக்குத் தெரியுமா?"

தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். பொய் இப்போதெல்லாம் சரளமாக வருகிறது.

அந்தப் படகு அவன் கையால் செய்தது. இரண்டு குளிர்காலம் ஆனது.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். ஒன்றரை மணி நேர ஓட்டம்.

எப்படியிருக்கிறது என்று அவர் கேட்டதும் ஆர்லன் நேராகச் சொன்னான்: "வேகமாப் போய்க்கிட்டிருக்கு டாக்டர். போன வாரம் ஒம்பது மீன் கவ்வுச்சு. ஒண்ணைக்கூட முள்ளுல மாட்ட முடியல. அம்பது வருஷமா செய்யிற வேலை. கை மூளை சொல்றதைக் கேக்குறதில்ல. துடுப்பு போனாப் போகட்டும்னு இருந்தேன். இது போகும்னு நினைக்கல."

டாக்டர் எழுதிக்கொண்டார். மீன் எண்ணிக்கையைக்கூட எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன். இவ்வளவு சீக்கிரமா என்று புருவத்தைச் சுருக்கினார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயிற்சியை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். வாந்தி வரலாம், தலை சுற்றலாம், பழகிவிடும், நாளையிலிருந்து ஆரம்பியுங்கள் என்றார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு. வாயைத் திறந்தால் போதும். திறக்கல. ஏன் திறக்கல? அந்த டாக்டர் முன்னாடி, அவன் முன்னாடி, என் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சேன். அவன் உடம்புக்குள்ள என்ன போகுதுங்கறதவிட எனக்கு என் மூஞ்சிதான் பெரிசாப் போச்சா?

மருந்து வாங்கியாகிவிட்டது. சமையலறை மேசையில் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் அவன் புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினான். தண்ணீரைக் கொடுக்காமல், "போடாத" என்றேன். பெட்டியைக் கொண்டுவந்து அந்தப் பூச்சிகளில் மூன்றை மேசையில் வைத்தேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் முள்ளைத் தடவினான். இன்னொரு தரம் தடவினான்.

"இது உடைஞ்சதில்லையே. குறடு."

"ஆமா."

"எத்தனை?"

"எல்லாம்."

"ஒம்பதுமா?"

"எல்லாம், ஆர்லன். உன் கையில ஒண்ணுமில்ல. மீன் மாட்டினா நீ துடுப்புக்கு வருவ. அதான்."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் பூச்சியை மேசையில் வைத்தான். மாத்திரையைத் திரும்பக் குப்பிக்குள் போட முயன்றான், கை நடுங்கித் தரையில் விழுந்தது. குனிந்து நானே எடுக்கப் போனேன். "தொடாத" என்றான்.

பிறகு டாக்டருக்கு அவனே போன் செய்தான். "மீன் விஷயம் தப்பு டாக்டர். கை காரணமில்ல. என் பொண்டாட்டி." அவ்வளவுதான் சொன்னான். பழைய மாத்திரையே போதுமாம்.

மத்தியானம் தலையணையும் கம்பளியும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் இழுவை வண்டிவீட்டுக்குப் போய்விட்டான்.

ஜூலை 27, ஞாயிறு

சாப்பாட்டை வண்டிவீட்டின் படியில் வைக்கிறேன். தட்டு கழுவி வருகிறது.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். ஆறு சுட்டுக் கிடக்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று அறிவிப்பு. மீனுக்கு மூச்சு முட்டுமாம்.

ஜோலீன் தக்காளி கொண்டுவந்தாள். வண்டிவீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன். அவள் சூயிங்கம்மை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"என் மூத்த புருஷன் என்னை ஏமாத்தினது ஒரு பொம்பளையோட. நீ ஏமாத்தினது மொட்டை முள்ளோட. எது மேலுன்னு எனக்கே தெரியல, மார்னா."

"அவன் தண்ணியில போயிடுவான்னு பயந்துட்டேன் ஜோலீன்."

"அதை அவன்கிட்ட சொன்னியா?"

"முடியாதுன்னு சொன்னேன்."

"அது இல்லம்மா நான் கேட்டது" என்றாள். தக்காளியை மேசையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வண்டிவீட்டின் கதவைத் தட்டினேன். உள்ளே விடவில்லை, வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். நான் புல்லில் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். மே மாதம் தண்ணீர் உள்ளே வந்ததிலிருந்து கண்ணை மூடினால் அந்தத் திறந்த கைதான் தெரிகிறது, நீ இல்லாமல் அந்தத் துறையில் நான் மட்டும் படகோடு நிற்பது தெரிகிறது என்று சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துப் போனேன், அழுதேன்.

அவன் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"ஜூன்ல இதைச் சொல்லல நீ. உன்னால முடியாதுன்னு சொன்ன. எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணா?"

"இல்ல."

"ஒம்பது நாளு, மார்னா. என் கை செத்துப்போச்சுன்னு ஒம்பது நாளு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீ பார்த்துக்கிட்டே சூப் வச்ச."

எழுந்து, படியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

தலையணை திரும்பி வந்துவிட்டது. பேச்சு இன்னும் வரவில்லை. உப்பு எங்கே, நாயை வெளியே விட்டாயா, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவன் பூச்சிப் பெட்டி முழுவதையும் மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலில் குத்திப் பார்த்தான், என் எதிரிலேயே. நூற்றுக்கு மேல் இருக்கும். நான் எழுந்து போகவில்லை. கடைசியில் விரலில் ரத்தப் பொட்டுகள். கட்டுத்துணி கொண்டுவந்தேன். கையை நீட்டினான்.

ஆகஸ்ட் 30, சனி

கடைக்குப் புதுப் பூச்சிகள் கொடுக்கப் போனேன். பலகையில் அந்த அட்டை இல்லை. கடைக்காரனிடம் கேட்டேன். "அவரே வந்து கிழிச்சுட்டுப் போயிட்டாரே, ரெண்டு வாரமாச்சு" என்றான்.

செப்டம்பர் 10, புதன்

புல்வெளியில் பத்து நிமிடம். ஜன்னலில் நின்று பார்த்தேன். நாயிடமிருந்து பந்தையும் பிடுங்கிக்கொண்டுவிட்டான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அவன்தான் கேட்டான், "ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போலாமா?" என்று. சரி என்றேன்.

காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. காலையில் துறைப் பலகையில் உறைபனி. தண்ணீர் இறங்கிப் பளிங்காக ஓடுகிறது, குளிர் மட்டும் குறையவில்லை. நான் துடுப்பில் உட்கார்ந்தேன். பூச்சியை அவனே கோத்தான். படகை ஓரத்துச் சுழியில் பிடித்து நிறுத்திக்கொண்டு, உதவிக்குக் கை நீட்டாமல், எதிர்க்கரையில் நின்ற நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாரை இரண்டு மீன் பிடித்து முடிப்பதற்குள் இவன் முடிச்சுப் போட்டுவிட்டான். பிறகு முள்ளைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவி என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வளைவில் மீன் எழுந்தது. கோல் வளைந்தது, வளைந்தபடியே நின்றது. பெரிய பழுப்பு டிரவுட், கீழ்த்தாடை கொக்கி போல வளைந்த கிழம். வலையில் நான்தான் அள்ளினேன். அவன் அதை நீருக்குள் பிடித்து, மூச்சு வரும்வரை வைத்திருந்து விட்டான். ஈரக் கையோடு எழுந்து நின்றான்.

"எழுந்திரு. சட்டம் சட்டம்தான்."

எழுந்தேன். துடுப்பைக் கொடுத்தேன். முன் இருக்கையில் போய் நின்றேன், கோலைப் பிடித்திருந்தேனே தவிர வீசவில்லை. ஞானஸ்நானப் பாறைக்கு இன்னும் ஒரே ஒரு வளைவு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. அவன் வலிப்பது சீராகத்தான் இருந்தது, இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கியது, அதை வலது சரிக்கட்டியது.

படகு ஓரம் ஒதுங்கியது. நங்கூரம் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"வா இங்க" என்றான்.

"உன் முறை முடியலையே."

"முடியல. உனக்குப் பயம். வா."

நடுப் படகில் ஒருவரையொருவர் தாண்டிக்கொண்டு இடம் மாறினோம். தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம். இரண்டு இழுப்பில் பாறை எங்கள் வலது பக்கமாகப் போனது. கீழே தண்ணீர் அகன்று அடங்கியதும் அவன் கையை நீட்டினான்.

"இப்பக் குடு."

கொடுத்தேன். அங்கிருந்து கீழ்த்துறைக்கு நாலு மைல், எல்லாம் சாதுவான தண்ணீர். மெதுவாக வலித்தான். நான் வீச ஆரம்பித்தேன். கால் மைல்கூடப் போயிருக்கமாட்டோம், புதரடியில் ஒரு வானவில் டிரவுட் கவ்வியது. நன்றாக விளையாட்டுக் காட்டியது. நானே வலையில் அள்ளி, தூக்கிக் காட்டினேன்.

"ஆர்லன், மீன்."

அவன் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க?"

"வலையில. உன் மூக்குக்கு முன்னாடி."

"கண்ணு மங்கலா இருக்கு கேப்டன். வயசாகுதில்ல" என்று சொல்லிவிட்டு, துடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மீனை விட்டேன். துறைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு பிடித்தேன். அவற்றையும் அவன் பார்க்கவில்லை.